நூலகச் சாவி யாரிடம்?

போன மாதம் இந்தப் பகுதியில், பள்ளி நூலகங்கள் பூட்டிக் கிடப்பதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க நூலகம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-ல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவள் நான். என் கணவர் வீட்டார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். நான்கு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனேன். 2003-ல், பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த நூலக அறையின் சாவி என் கைக்கு வந்தது. இருபது வருஷம் அதைத் திறந்து மூடினேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் போய் வருகிறேன்.

கேள்வி: டீச்சர், எங்கள் பள்ளியில் நூலக அறை இருக்கிறது, நல்ல புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள், கிழித்துவிடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் வீட்டுக்குக் கொடுக்க விடுவதில்லை. வாரத்தில் ஒரு பீரியட் அங்கேயே உட்கார்ந்து படிப்பதோடு சரி. இது போதுமா?
– ஓர் ஆசிரியை, பீனிக்ஸ்

பதில்: போதாது. ஆனால் அதற்காகத் தலைமை ஆசிரியர் மேல் கோபப்படாதீர்கள் அம்மா. முதல் வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சாவி கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை கணக்கெடுப்பு. தூசி தட்டி, பூஞ்சணம் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினேன். ஆயிரத்துச் சொச்சம் புத்தகம் தேறியது. வருஷக் கடைசியில் மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் எண்ணும்போதே ஒன்று காதில் விழுந்தது. பல புத்தகங்களைத் திறந்தால் முதுகுப் பக்கம் 'படக்'கென்று சத்தம் போட்டது. இதுவரை யாரும் திறக்காத புத்தகம்தான் அப்படிச் சத்தம் போடும்.

அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். அவனுக்குப் பாம்புகள் பற்றிய படப் புத்தகம் ஒன்றின் மேல் பைத்தியம். எங்கள் பக்கத்தில் மாம்பா பாம்பு வீட்டுத் தோட்டத்துக்கே வரும், அதனால் இருக்கலாம். பீரியட் முடிந்து மணி அடித்தாலும் அதைக் கீழே வைக்க மாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் நூலக வாசலில் நிற்கிறான். கையில் பிரெட் வாங்குகிற பிளாஸ்டிக் பை, வாயில் இறுக்கி முடிச்சு. பிரித்துப் பார்த்தால் பாம்புப் புத்தகம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை பெய்திருந்தது. நனையக் கூடாது என்று அவன் அம்மா கட்டிக் கொடுத்தாராம். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அம்மாதான் வாசித்துக் காட்டினார் என்றான். வேறு யார் படித்தார்கள் என்றேன். விரல் விட்டு எண்ணினான்: அக்கா, தம்பி, அப்பா, பக்கத்து வீட்டு அங்கிள். நான் ஒரு வருஷம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த புத்தகத்தை இரண்டே நாளில் ஆறு பேர் பார்த்துவிட்டார்கள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஆளுக்கொரு காலி பிரெட் பை கொண்டுவரச் சொன்னேன். புத்தகத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன்.

நீங்களும் பள்ளி முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு வகுப்பு, நாற்பது புத்தகம், ஒரு நோட்டு போதும். பிள்ளை பெயர், புத்தக எண், போன தேதி, வந்த தேதி. நோட்டை எழுதுகிற வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுங்கள்; நம்மைவிடக் கறாராக இருப்பார்கள். ஜனவரியில் பாட நோட்டுகளுக்கெல்லாம் பிரவுன் பேப்பரும் பிளாஸ்டிக்கும் போடுகிறோமே, அந்தச் சமயத்திலேயே மீதமாகும் பிளாஸ்டிக்கை வாங்கிப் புத்தகங்களுக்கும் போட்டுவிடுங்கள்.

அபராதம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஐந்து ராண்ட் அபராதம் என்றால், காசு இல்லாத பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவரவே பயப்படும். அப்புறம் நூலகத்துப் பக்கமே வராது. புத்தகம் போனதோடு பிள்ளையும் போய்விடும். எங்கள் பள்ளியில் ஒரே சட்டம்தான்: தொலைத்தவர் அந்தக் கதையை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தொலையத்தான் செய்யும். நூற்றுக்கு இத்தனை போகலாம் என்று பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி, குறிப்பேட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். உங்கள் தலைமை ஆசிரியர் பயப்படுவது கணக்குத் தணிக்கைக்கு. எழுத்தில் இருந்தால் அவரும் நிம்மதியாகத் தூங்குவார். புத்தகத்துக்கும் 15 சதவீத வாட் வரி போடுகிற நாடு இது, அவருடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. ஆங்கிலம் கடகடவென்று வாசிக்கிறாள். ஆனால் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறாள். கண் டாக்டரிடமும் காட்டிவிட்டோம். என்ன செய்வது அக்கா?
– ஒரு தாய், லெனேசியா

பதில்: கண்ணில் குறை இல்லை என்று தெரிந்தது நல்லது. இது உங்கள் வீட்டில் மட்டும் உள்ள பிரச்சினை இல்லை தங்கச்சி. பிர்ல்ஸ் என்று ஒரு பன்னாட்டு வாசிப்பு ஆய்வு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 2016-ல் நூற்றுக்கு 78 பேர் பொருள் புரிந்து படிக்க முடியாதவர்கள் என்று அது சொன்னது. 2021-ல் அது 81 ஆகிவிட்டது. நடுவில் கொரோனா வந்து பள்ளிகள் மாதக்கணக்கில் சரியாக நடக்கவில்லை. ஆங்கிலத்தில் வைத்ததால் இப்படி என்று நினைக்காதீர்கள். அப்போதிருந்த 11 ஆட்சி மொழிகளிலும் வைத்தார்கள். அவரவர் படிக்கிற மொழியிலேயேதான் இந்த நிலை. ஒரு பத்தியைப் படித்து, அதில் நேராகச் சொல்லியிருக்கிற ஒரு விஷயத்தைக்கூட எடுத்துச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் அந்த 81-க்கு அர்த்தம். அந்த எண்ணை முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் பல. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அடி ஊன்றுவதற்குள் அடுத்த மொழி. உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, வீட்டிலேயே ஆங்கிலம்தான். ஆனால் இன்னொன்று அவளுக்கும் இருக்கலாம்: வகுப்பே சேர்ந்து கோரஸாக வாசிக்கிற பழக்கம். நாற்பது குரலில் தன் குரலும் கலந்துவிட்டால், வாசிப்பு என்றாலே சத்தம் எழுப்புவது என்று பிள்ளை நினைத்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இந்த மாதிரி ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்: "மழை நின்றதும் தாத்தா குடையை மடக்கிக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்." 'தாத்தா எங்கே வைத்தார்' என்று கேட்காதீர்கள். 'கடையிலே' என்று அந்தச் சொல்லையே பார்த்துச் சொல்லிவிடுவாள். 'நாளைக் காலையில் மழை வந்தால் தாத்தா என்ன செய்வார்?' என்று கேளுங்கள். புரிந்திருந்தால் சிரிப்பாள். விழித்தால், ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டு உயிரை வாங்கவும் வேண்டாம். நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். அவளால் தானாகப் படிக்க முடிவதைவிட ஒரு படி கடினமான கதையை எடுத்து, தினமும் பதினைந்து நிமிஷம். சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறே?' என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் அவள் அதைச் சமையலறையில் பாட்டிக்குச் சொல்லட்டும். பாட்டி நடுவில் குறுக்கே கேட்பார், சந்தேகப்படுவார், 'அது எப்படி?' என்பார். அதைவிட நல்ல பயிற்சிக் கேள்வி எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. படித்த புத்தகத்தையே நாலாம் தரம் கேட்டால் கொடுங்கள். புதுசு எடு என்று விரட்டாதீர்கள்.

கேள்வி: ஜூலை 18 மண்டேலா தினத்தன்று ஒரு நிறுவனத்தார் எங்கள் பள்ளிக்கு நூலகம் அமைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். என்ன வேண்டும் என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதலாம்?
– பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர், டோங்காட்

பதில்: முதலில் சந்தோஷமாக வரவேற்று உட்கார வையுங்கள். உதவி செய்ய வருகிறவர்களை நாம் குறை சொல்லி அனுப்பக் கூடாது. ஆனால் பட்டியலை நன்றாக யோசித்து எழுதுங்கள்.

எங்கள் பள்ளிக்கும் ஒருமுறை அப்படி வந்தார்கள். மண்டேலா பொதுவாழ்வுக்குக் கொடுத்த 67 வருஷத்துக்காக ஆளுக்கு 67 நிமிஷம் என்று ஒரு பெரிய கூட்டமே வந்தது. சுவருக்கு மஞ்சள் பெயிண்ட், தரைக்குப் பாய், பதினோரு பெட்டி புத்தகம். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அவர்கள் போனபின் பெட்டிகளைப் பிரித்தேன். பாதிக்கு மேல் பெரியவர்கள் படித்து முடித்துத் தள்ளிவிட்டவை: வருமான வரிச் சட்டம், பழைய கலைக்களஞ்சியத்தில் நடு நடுவே சில தொகுதிகள், பனி விழுகிற நாட்டில் ரோஜா வளர்ப்பது எப்படி. எட்டு வயதுப் பிள்ளைக்கு நீட்டுவதற்கு ஒரு பெட்டி தேறியது. மீதியை வெளியே தள்ள எனக்கு இரண்டு பள்ளித் தவணை ஆயிற்று.

அதனால் இப்படி எழுதுங்கள். கலைக்களஞ்சியம் வேண்டாம், பழைய பாடப் புத்தகம் வேண்டாம். ஆறிலிருந்து பத்து வயதுக்கான கதைகள், ஒரே புத்தகத்தில் நாலைந்து பிரதிகள். நண்பர்கள் ஒரே கதையைச் சேர்ந்து படித்தால்தான் அதைப் பற்றிப் பேச்சு வரும். இங்குள்ள கருப்பினப் பிள்ளைகள் பலரின் தாய்மொழியான ஜூலுவில் பாதியாவது வேண்டும். முன்னட்டை தெரிகிற மாதிரி சாய்த்து வைக்கிற தட்டு ஒன்று. முதுகை மட்டும் பார்த்துச் சின்னப் பிள்ளைகளால் தேர்ந்தெடுக்க முடியாது.

அப்புறம் முக்கியமானதைக் கேளுங்கள். ஆள். முன்பு, இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைத்திருந்த காலத்தில், இங்கே நம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றில் நூலக ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். 1990-களின் பிற்பாதியில் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் இடங்களைக் கணக்கிட ஆரம்பித்ததும் அவர்களை வகுப்பறைக்கு அனுப்பினார்கள். பல நூலகங்கள் பூட்டப்பட்டது அப்போதுதான்; சிலது கம்ப்யூட்டர் அறையானது, சிலது பழைய மேசை போடுகிற இடமானது. கருப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் பெரும்பாலும் பூட்டுவதற்கும் நூலகம் இருந்ததில்லை. இன்றும் பல பள்ளிகளில் இல்லை. ஆகவே வருகிறவர்களிடம் சொல்லுங்கள்: பெயிண்ட் செலவைக் குறைத்துவிட்டு, வேலை தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை ஒருத்திக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுங்கள், தினமும் அறையைத் திறந்து வைத்திருப்பாள். முடியாது என்றால், உங்களில் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வந்து வாசித்துக் காட்டுங்கள். இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் சமூகம் ஒரு பவுண்டு சேர்த்தால் அரசு ஒரு பவுண்டு போடும் என்ற கணக்கில்தான் இங்கே இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எழும்பின. கரும்பு வெட்டிய கையால் நன்கொடை கொடுத்தவர்கள் அவர்கள்.

கேள்வி: நூலகத்தில் மழைநீர் புகுந்து புத்தகங்கள் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைத்தோம், எல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. வேப்பிலை வைத்தால் பூச்சி வராதா?
– வெருலம் வாசகர்

பதில்: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் அறையின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. அப்போது கற்றுக்கொண்டது இது. நேர் வெயில் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், புத்தகத்தை நிற்க வைத்து விசிறி மாதிரி லேசாக விரித்து வையுங்கள். நடுநடுவே மை படியாத வெள்ளைத் தாள் வைத்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால் மீதியைப் பையில் கட்டிப் பிரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காமல் அப்படியே இருக்கும், அப்புறம் ஒவ்வொன்றாக எடுக்கலாம். முக்கால்வாசி காய்ந்ததும் மேலே கனம் வைத்தால் வளைவு குறையும்.

வேப்பிலையும் வசம்பும் ஊரில் ஏட்டுச்சுவடிக்கு வைத்தது உண்மைதான். இங்கே பலர் அம்மன் காரியத்துக்கே வேப்பிலைக்குப் பதில், வேம்பின் இனமான சிரிங்கா மரத்து இலைதான் வைக்கிறார்கள். ஆனால் டர்பன் புழுக்கத்தில் இலை மட்டும் போதாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தினமும் நாலு கை எடுத்துப் புரட்டுகிற புத்தகத்தில் பூச்சி அவ்வளவாகத் தங்காது.

கேள்வி: எங்கள் வகுப்பில் முக்கால்வாசி ஜூலு பிள்ளைகள். நம் பாட்டி கதைகளைச் சொன்னால் அவர்களுக்கு ஒட்டுமா? அவர்கள் மொழி எனக்குச் சரியாகத் தெரியாது.
– இளம் ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

பதில்: நன்றாக ஒட்டும். எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது ஒரு பிள்ளையின் பாட்டிதான். ஒருநாள் அவரை நூலகத்துக்கு அழைத்துக் கதை சொல்லச் சொன்னேன். பாயில் உட்கார்ந்தார், 'க்வெசுகேசுகேலா...' என்று இழுத்தார். நம் 'ஒரே ஒரு ஊர்ல' மாதிரிதான் அது. உடனே ஜூலு பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் 'சோசி!' என்றார்கள். அந்த முதல் எழுத்து நம் சகரம் இல்லை. நாம் பரிதாபப்பட்டு 'ச்சு' கொட்டுவோமே, நாக்கைப் பல்லில் ஒட்டி எடுப்போமே, அதே ஒலி. கேட்டுக்கொண்டிருக்கிறோம், சொல்லுங்கள் என்று அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் ஊரில் அம்மாச்சி கதை சொல்லும்போது 'உம்' கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார். 'உம் கொட்டுடி, அப்பத்தானே முழிச்சிருக்கேன்னு தெரியும்' என்பார். அன்றிலிருந்து எங்கள் நூலகத்தில் நான் சொன்னால் எல்லாரும் 'உம்', அந்த அம்மா சொன்னால் எல்லாரும் 'சோசி'. நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் ஒரு மாதம் திணறினேன்.

மொழி தெரியாது என்று ஒதுங்காதீர்கள். தமிழ் படித்தவர்களுக்கு ஜூலுவில் சொல் அமைகிற விதம் ஓரளவு பழகினதுதான். 'ங்கியாகுதாண்டா' என்றால் 'நான் உன்னை நேசிக்கிறேன்'. நான், உன்னை, நேசி எல்லாம் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது, நம் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி. அதனால்தான் ஜூலு வாசிக்கிற பிள்ளை ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளையை விட ஒரு நிமிஷத்தில் குறைவான சொற்களே வாசிக்கும். மந்தம் என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு நீளம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. கோயிலில் தேவாரத்தைக்கூட ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள். பள்ளி நூலகத்தில் தமிழுக்கு ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறேன் என்கிறார் தலைமை ஆசிரியை. என்ன வைப்பது?
– ஒரு தகப்பனார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதலில் அந்தத் தலைமை ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி.

ஆங்கில எழுத்தில் தேவாரம் பாடுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்றிலிருந்து இத்தனை தலைமுறை கழிந்தும் அந்தப் பாட்டு வாயில் நிற்கிறதென்றால் அந்த ஆங்கில எழுத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1984-ல் இந்தியப் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக வந்தபோது சேர்ந்து படித்தவர்கள் சிலர் இன்று தாத்தா பாட்டி ஆகியிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். நான் இங்கே வந்த 1996-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம், அதன் ஆறாம் பிரிவில், போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரையும் சேர்த்திருக்கிறது. ஆக, நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

தட்டில் பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் திருக்குறள் உரையும் இலக்கிய வரலாறும் கேட்டு வாங்கி அடுக்கிவிடுவார்கள், தமிழ்த் தட்டு என்றால் அதுதான் மரியாதை என்று. அது அப்படியே தூசி பிடிக்கும். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, பெரிய படம், அவ்வளவுதான். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இப்படிப்பட்ட தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசம். அச்சடித்துக்கொள்ள அனுமதியும் உண்டு. பல கதைகள் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். ஒரே கதையை மூன்று மொழியில் அச்சடித்து, ஸ்டேப்ளர் போட்டு, ஒன்றாகக் கட்டி வையுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் கதையைத் தெரிந்துகொண்டு தமிழுக்கு வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

247 எழுத்தையும் முடித்த பிறகுதான் புத்தகம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண் தெரிந்துகொண்ட முதல் எழுத்து 'ஆ' கூட இல்லை, 'யா'. 'ஆயா' என்ற சொல்லைப் படத்தின் கீழே பார்த்து, இரண்டாவது எழுத்தைத் தொட்டு, 'இது என் பெயரிலும் இருக்கு' என்றாள். பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துப் பென்சில் பாக்ஸில் ஒரு வருஷம் வைத்திருந்தாள்.

கேள்வி: இந்தக் காலத்தில் எல்லாம் போனிலேயே இருக்கிறதே, நூலகம் எதற்கு?
– ஜோஹன்னஸ்பர்க் வாசகர்

பதில்: போனில் இருக்கிறது, சரி. டேட்டா யார் போடுவது? ஆறு வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் கதையில் நிற்குமா, கார்ட்டூனுக்குத் தாவுமா? ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக், நலிபாலி இரண்டும் நம் நாட்டு மொழிகளில் இலவசமாகக் கதை தருகிற நல்ல முயற்சிகள். போனில் தேடி எடுக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள். பிள்ளை கைக்குத் தாளில் கொடுங்கள். எங்கள் நூலகத்தில் பாதிக் கதைகள் அப்படி வந்தவைதான்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 11 வயது. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அம்மா தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் ஸ்கூல் லைப்ரரியில் உள்ள எல்லாக் கதைப் புத்தகத்தையும் படித்துவிட்டேன். இனி என்ன செய்வது?
– ஆறாம் வகுப்பு மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: கண்ணு, இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையதுதான். மாநகராட்சி நூலகத்துக்கு அம்மாவோடு போ. அம்மாவின் அடையாள அட்டையும், வீட்டு முகவரி போட்ட தண்ணீர் அல்லது கரண்டு பில்லும் கொண்டு போங்கள். உன் பெயரிலேயே ஒரு அட்டை போட்டுத் தரச் சொல். கையெழுத்து அம்மா போடுவார், அட்டை உன்னிடம் இருக்கட்டும்.

இன்னொரு வேலையும் தருகிறேன். நீ எல்லாக் கதையும் படித்த அந்த ஸ்கூல் லைப்ரரியில், மத்தியான இடைவேளையில் முதல் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து ஒரு கதை வாசித்துக் காட்டு. 'உம்' கொட்டச் சொல்லிக்கொடு. எந்த இடத்தில் 'உம்' கொட்ட மறந்து வாயைப் பிளந்து கேட்டார்கள் என்று பார்த்து வைத்து எனக்கு எழுது. அம்மாவே எழுதட்டும், கடைசியில் உன் பெயரை மட்டும் நீ தமிழில் எழுது.